விலாசம் உள்ள ஆளைத் திட்டுங்கள்

கதிரேசன் இறந்த செய்தி எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்துக்குப் போகக் காளிகாட் மெட்ரோ நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். "நம் சங்கத்தின் நீண்டநாள் நண்பர், ஆடை அலங்காரக் கலைஞர் திரு. கதிரேசன் டெங்குக் காய்ச்சலால் இறைவனடி சேர்ந்தார்" என்று செயலாளர் போட்டிருந்தார். கீழே குத்துவிளக்குப் படம். அதற்கும் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். கைகள் ஓய்வதற்குள் ஒருவர், நாளைக்கு இட்லி மாவு யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்கும் சுடச்சுடப் பதில்கள் வந்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே குழுவிலிருந்துதான் அவரை நீக்கினார்கள். நீக்கிய ஆளுக்கு, அவர் பார்க்க முடியாத இடத்தில், செத்த பிறகு கும்பிடு.

கதிரேசனுக்கு எச்ஐவி இருந்தது. அவரைக் கொண்டுபோனது அது இல்லை. நடுவில் சில வாரம் தவிர, பதினெட்டு வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோக்களுக்கு ராஜா உடையும் போலீஸ் உடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டு, நம்மில் பலரைவிட நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தார். "கொசு கடிச்சா அது பரவுமாமே?" என்று அவரிடம் கேட்காதவர் கிடையாது. "அது பரவாது. ஆனா வேற ஏதாவது வரும், வலை கட்டிப் படுங்க" என்பார். ஊருக்கு வலை கட்டச் சொன்ன மனிதர் கொசுவால் போனார். கேட்டால் அவரே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை அவரை அறிந்த இரண்டு கூட்டத்துக்காகவும் எழுதுகிறேன். ஒன்று சங்கத்துக்காரர்கள். இன்னொன்று, சனிக்கிழமை தோறும் அவரது துணிக் கிடங்கில் கூடிய எச்ஐவி உள்ளவர்கள். முதல் கூட்டத்துக்கு இரண்டாவது கூட்டம் இருப்பதே தெரியாது. இரண்டிலும் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

என் கணவர் மத்திய அரசு வேலையில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவர். ஆஸ்பத்திரியில் அவரது கடைசி மாதத்தில்தான் அவருக்கு என்ன நோய் என்று எனக்குச் சொன்னார்கள். அடுத்த வாரம் எனக்கும் அதுவே என்று சொன்னார்கள். மகளுக்கு இல்லை என்று வந்த காகிதத்தை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மற்றதையெல்லாம் கிழித்துப் போட்டேன். அவர் வேலையைக் கருணை அடிப்படையில் எனக்குக் கொடுத்தார்கள். சங்கத்தில் என்ன மாத்திரை என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'தைராய்டு' என்று சொன்னேன். தைராய்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. யாரும் மேற்கொண்டு துருவ மாட்டார்கள், தங்களுக்கும் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பதினொரு வருடத்துக்கு முன், அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். ஒருவன் இடித்துக்கொண்டு முன்னால் புகுந்தான். "சனியன்" என்று முணுமுணுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் சொன்னது: "நல்லா உரக்கவே திட்டுங்க. இங்க யாருக்கும் புரியாது." அந்த வரிசையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், ஒரு தமிழ் ஆள் நிற்கக் கூடாது. திரும்பிப் பார்க்காமலே வங்காளத்தில், "ஆமி தமிழ் ஜானி நா" என்றேன். எனக்குத் தமிழ் தெரியாதாம். அந்த ஆள் கொஞ்சம்கூட அசரவில்லை. "அப்படியா? பெங்காலி அம்மாவா இருந்தும் 'சனியன்'னு என்ன அழகாச் சொல்றீங்க!" என்றார்.

அன்று முதல் நான் அவருக்கு 'பெங்காலி அம்மா'. எல்லாரையும் போல நான் அவரைக் 'கதிர்தா' என்றேன். அண்ணனைத் 'தாதா' என்றும், பெயரோடு சேர்த்தால் 'தா' என்றும் கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம்.

அவரது கிடங்கில் ஆணியில் தொங்கும் ஜரிகை அங்கிகள், தகரக் கிரீடங்கள், மரவாள்கள். நடுவில் ஜமக்காளம் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். நான் பார்த்திருந்த ஆறுதல் கூட்டங்களில் 'உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது' என்று ஆரம்பித்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்வார்கள். கதிர்தாவின் கேள்வியே வேறு. "இன்னிக்கு யாரைத் திட்டணும்?" முதல் பத்து நிமிடம் திட்டு, அப்புறம்தான் டீ. அவரவர் தாய்மொழியில் திட்ட வேண்டும், அது விதி. ஒரு ஆட்டோக்காரர் தன் மைத்துனனை வங்காளத்தில் கிழிப்பார். ஒரு பீகார்ப் பெண், பிரசவத்தின்போது தன்னைத் தொடாமல் நின்ற நர்ஸை போஜ்புரியில் சபிப்பாள். யாருக்கும் முழுசாகப் புரியாது. ஆனால் திட்டி முடித்தவர் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

என் முறை வந்தபோது, "யாரையும் இல்லை. எல்லாம் என் தலையெழுத்து" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "தலையெழுத்துக்கு விலாசம் கிடையாதும்மா. விலாசம் இருக்கிற ஆளாப் பார்த்துத் திட்டுங்க" என்றார். நான்கு சனிக்கிழமை வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது வாரம் என் கணவரைத் திட்டினேன். வருடா வருடம் திதி கொடுத்து, வடை பாயசத்தோடு காக்கைக்குச் சோறு வைத்து வழியனுப்பிக்கொண்டிருந்த மனிதரை, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வார்த்தைகள் ஒன்று விடாமல் சொல்லித் திட்டினேன். முடித்துவிட்டு, "செத்தவரைத் திட்டலாமா?" என்று கேட்டேன். "செத்துட்டா மட்டும் நல்லவனாயிருவானா?" என்றார். அன்றைக்கு அந்த டீயை ருசித்துக் குடித்தேன். திதியை நிறுத்தவும் இல்லை.

ஒருமுறை ஏதோ தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வண்ண அட்டைகளோடு வந்து, நேர்மறை எண்ணங்களின் சக்தி பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். "எப்போதும் பாசிட்டிவாக இருங்கள்" என்றாள். கதிர்தா கையைத் தூக்கி, "நாங்க ஏற்கெனவே பாசிட்டிவ்தாம்மா. வேற ஏதாவது இருந்தாச் சொல்லுங்க" என்றார். அவளே சிரித்துவிட்டாள்.

செத்தவுடன் மனிதரைத் தெய்வமாக்கும் வேலையை அவர் பெயரிலேயே செய்தால் நரகத்திலிருந்தாவது எழுந்து வருவார். அதனால் குறைகளையும் சொல்கிறேன். கைனிப் புகையிலையை மென்று ஜன்னல் வழியாகத் துப்புவார். யாரையும் ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, யாரையும் அழவிட மாட்டார். "அழறதுக்குத் தனியா ஒரு நாள் வெச்சுக்கலாம்" என்பார், அந்த நாள் வரவே வராது. அழ வேண்டும் என்றே வந்த ஒரு பெண், இரண்டு வாரம் பார்த்துவிட்டு நின்றுபோனாள். அவள் எங்கே போய் அழுதாளோ. நான் இதைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரே அழ வேண்டிய நேரம் ஒன்று வந்தது. ஊரில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்கான ரவிக்கையை ஒரு மாதம் உட்கார்ந்து தன் கையால் வேலைப்பாடு செய்து, கூரியரில் அனுப்பினார். தங்கை போன் செய்து, "நீ வந்தா நாலு பேரு நாலு விதமா கேப்பாங்கண்ணே. அங்க இருந்தே ஆசீர்வாதம் பண்ணிரு" என்றாளாம். ரவிக்கை? "பார்சல் வரவே இல்லியே." அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிய ரசீது கூரியர்காரனிடம் இருந்தது. கூடப்பிறந்தவள், அண்ணன் கை பட்ட துணி என்று அதை எந்தக் குப்பையில் போட்டாளோ.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை கிடங்கு பூட்டியே கிடந்தது. ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த அவர் அறைக்குப் போனேன். சுருண்டு படுத்திருந்தார். மேஜையில் மாத்திரை டப்பா பிரிக்காமலே இருந்தது. "எதுக்குப் போடணும்? யாருக்காக?" என்று கேட்டார். "கட்டையில போறவனே, எந்திரிச்சு அந்த மாத்திரையைப் போடு! அந்தச் சிறுக்கி ஒரு ரவிக்கையை ஒளிச்சா நீ உசுர விட்ருவியா? எங்க பன்னெண்டு பேருக்கு யாரு வழி சொல்லுவா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு வங்காளப் பெண்மணி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். கதிர்தா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "பெங்காலி அம்மாவுக்குத் தமிழ் நல்லா வந்துருச்சே" என்றார். மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். விட்ட மாத்திரைக்காக அவரிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கே கூசுகிறது.

சங்கத்தின் ஆண்டுவிழாவில் குழந்தைகள் நாடகம் போடுவார்கள். அதற்கான உடைகளைப் பல வருடமாகக் கதிர்தாதான் சும்மாவே கொடுத்துவந்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு உள்ளூர் டிவியில், முகத்தை மறைக்காமல், தனக்கு எச்ஐவி இருப்பதாகப் பேசினார். மறுவாரம் சங்கத்தில் அவசரக் கூட்டம். உடை மூட்டைகள் மேடையில் கிடந்தன. ஒரு அம்மாள், தன் மகன் போடவேண்டிய முருகன் கிரீடத்தை, செத்த எலியை வாலில் பிடிப்பது போல இரண்டு விரலால் தூக்கி மூட்டைக்குள் போட்டாள். "துணி தோல்ல படுமே! வேர்வையெல்லாம் இருக்குமே!" என்றார்கள். பட்டதாரிகள், அதிகாரிகள், பேரன் அமெரிக்காவில் டாக்டராக இருப்பவர்கள். துணியால் பரவாது என்று சொல்ல அங்கே ஒரு நாக்கு எழவில்லை. நான் செயற்குழு உறுப்பினர். செயலாளர் என்னைப் பார்த்து, "மேடம், சங்கத்துக்கு வெளியில இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "குழந்தைங்க விஷயம். எதுக்கு ரிஸ்க்?" என்றும் சொன்னேன். நிமிர்ந்தால், மூட்டைகளை எடுத்துப்போக வந்த கதிர்தா வாசலில் நிற்கிறார். என்னைப் பார்க்காதது போலவே உள்ளே வந்து, மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றிரவே அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அந்த அம்மாள் இரண்டு விரலால் பிடித்தாள், நான் வாயால் பிடித்தேன். எது அசிங்கம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை போகவே கால் வரவில்லை. ஆனாலும் போனேன். "இன்னிக்கு யாரைத் திட்டணும்?" என்று வழக்கம்போல் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. "என்னை" என்றேன். "அது இங்க கிடையாது. தன்னைத்தானே திட்டிக்கிறதுக்கு அவங்கவங்க வீட்டுல இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். எல்லாரும் கிளம்பிய பிறகு கிரீடங்களைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார். "உங்க பொண்ணு கல்யாணம் முடியுற வரைக்கும் தெரியாதுன்னே சொல்லுங்க. அதுல தப்பில்ல. ஆனா ஒரு நாள் தெரியும்னு சொல்லிருங்க. நான் உயிரோட இருக்கும்போதே சொன்னா நல்லாருக்கும்." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மகளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. நியூ டவுனில் தன்னோடு வேலை பார்க்கும் வங்காளப் பையனைக் கட்டிக்கொண்டாள். பழகிய முதல் மாதமே என் விஷயத்தை அவனிடம் சொல்லிவிட்டாளாம். "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறாங்களா?" என்று மட்டும் கேட்டானாம். ஆக, என் சாக்கு தீர்ந்துபோய் இரண்டு வருடம். அப்போதும் நான் சங்கத்துக்குப் போய்வந்தேன், செயற்குழுவில் உட்கார்ந்தேன், அந்த அம்மாளின் வீட்டுக் கொலுவுக்குப் போய்ச் சுண்டல் வாங்கித் தின்றேன். தைராய்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றேன்.

போன ஞாயிறு சங்க மண்டபத்தில் இரங்கல் கூட்டம். அவருடைய தனிப் படம் யாரிடமும் இல்லை. ஏதோ பழைய விழாப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள், தோளில் வேறு யாருடைய கையோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு ரோஜா மாலை. "கதிரேசன் நம் குடும்பத்தில் ஒருவர். கொடிய நோயையும் புன்னகையோடு எதிர்கொண்டவர்" என்றார் செயலாளர். கிரீடத்தைத் தூக்கிப் போட்ட அம்மாள் எழுந்து, "அவர் கைபட்ட டிரெஸ்ஸப் போட்டுத்தான் என் பையன் முதல் முதலா மேடை ஏறினான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய் இல்லை, அந்தக் கிரீட விவகாரத்துக்கு முந்தைய வருடம் போட்டிருந்தான். ஆனாலும் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் மேல் பாதி, என் மேல் பாதி. இரண்டு பேரும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தோம்.

"வேறு யாராவது பேசுகிறீர்களா?" என்று கேட்டார்கள். எழுந்தேன். எழுதி வைத்துக்கொண்டு வரவில்லை.

"கதிரேசனை எனக்குத் தெரியும். பதினொரு வருஷமாத் தெரியும். ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்குற வரிசையில பழக்கம். அவர் சாப்பிட்ட மாத்திரையைத்தான் நானும் சாப்பிடுறேன். எனக்கு இருக்கிறது தைராய்டு இல்ல. அன்னிக்கு இதே இடத்துல தெரியாதுன்னு சொன்னேன். அது பொய்" என்றேன்.

செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, எங்களுக்கு நடுவிலிருந்த நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை அந்த அம்மாள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காபி வந்தது. காகிதக் கோப்பைதான், எல்லாருக்கும்.

துக்கம் கேட்கப் போன இடத்தில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் எழுந்து போக வேண்டும் என்பது நம் வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கம் எல்லாருக்கும் மிகவும் வசதியாகப் போயிற்று. பத்து வருடம் என்னோடு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒரு வார்த்தை இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். கதிரேசனுக்காகப் பேசாமல் போனவர் யார், எனக்காகப் பேசாமல் போனவர் யார் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஒரே ஒரு பெண் மட்டும் நின்றாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் அரைகுறை. சின்ன வயதில் கதிர்தா தைத்த மயில் உடையைப் போட்டு ஆடியவள். என் கையைப் பிடித்து, "போய்ட்டு வரேன், அக்கா" என்றாள். வழக்கம் தெரியாமல் சொன்னாளா, தெரிந்தேதான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. "வாம்மா" என்றேன்.

கிடங்கின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணிக்குத் திறக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பத்து நிமிடத்தை. அழ வேண்டியவர்களுக்கு இன்னொரு பத்து நிமிடத்தை நானாகச் சேர்த்திருக்கிறேன், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி. என் மாத்திரை டப்பாவை வீட்டுச் சமையலறை மேடையில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன். அவரை நினைக்கும்போது நன்றி என்ற வார்த்தை இன்னும் வாயில் வரவில்லை. பதினொரு வருடத்தில் அவர் தனக்காக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தான் உயிரோடு இருக்கும்போதே சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை.